ஹார்ன் அடித்தால் எத்தனை நிமிடம் மிச்சம்?

கேள்வி: கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். சிக்னலில் பச்சை விழ இன்னும் 3 விநாடி இருக்கும்போதே பின்னால் ஹார்ன். முன்னால் கொஞ்சம் இடம் விட்டால் உடனே ஒரு வண்டி நுழைகிறது. எல்லாருக்கும் ஏன் இவ்வளவு அவசரம்? இப்படி ஓட்டினால் உண்மையிலேயே சீக்கிரம் போய்ச் சேர முடிகிறதா? இதற்கு நடுவில் நான் எப்படி ஓட்டுவது?

பதில்: நடுக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

10 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம் ஆகும், 30-இல் 20 நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். 40-இலிருந்து 50-க்கு ஏற்றினால் 15 நிமிடம் 12 ஆகிறது, மிச்சம் 3. 60-இலிருந்து 80-க்குப் போனால் இரண்டரை நிமிடம், 80-இலிருந்து 100-க்கு ஒன்றரை, 100-இலிருந்து 120-க்கு ஒரே ஒரு நிமிடம். வேகம் ஏற ஏற மிச்சம் தேய்கிறது, ஆபத்து மட்டும் வளர்கிறது. மனக்கணக்கு இதைத் தலைகீழாகப் போடுகிறது: 80-ஐ 100 ஆக்கினால் நிறைய மிச்சம் என்று தோன்றும், 20-ஐ 30 ஆக்குவது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1970களிலேயே இந்தப் பிழையை ஆராயத் தொடங்கிவிட்டார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் இதில் சறுக்குகிறோம்.

இப்போது உங்கள் வழிக்கு வருவோம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டி 30 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 28 என்று வைத்துக்கொள்வோம். காலை நெரிசலில் 75 நிமிடம் ஆகிறது என்றால் சராசரி வேகம் மணிக்கு 22 கி.மீ.தான். அந்த 75 நிமிடத்தில் வண்டியை விரட்ட இடம் கிடைப்பது எங்கே? வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அடுத்தடுத்த அடைப்புகளுக்கு நடுவில் அங்கங்கே திறந்த துண்டுகள். எல்லாம் சேர்த்து 6 கி.மீ. என்று தாராளமாகவே வைப்போம். அந்த 6 கி.மீ.யை 40-இல் கடந்தால் 9 நிமிடம், 60-இல் கடந்தால் 6 நிமிடம். மிச்சமாவது 3 நிமிடம், அதுவும் காகிதத்தில். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் 500 மீட்டர் இருந்தால் 60-இல் போகிறவர் 30 விநாடியில் அங்கே போய் நிற்பார். 40-இல் போகிறவர் 45 விநாடியில் வந்து அவர் பக்கத்திலேயே நிற்பார். பச்சை இருவருக்கும் ஒன்றாகத்தான் விழும். பல்லாவரத்தில் உங்களைச் சீறிக்கொண்டு தாண்டிய வண்டியை மீனம்பாக்கத்தில் பார்ப்பது இதனால்தான்.

நெடுஞ்சாலையில் கதை வேறு, அதை மறைக்கக் கூடாது. 330 கி.மீ. பயணத்தில் சராசரி 80 என்றால் 4 மணி 8 நிமிடம். சராசரி 100 என்றால் 3 மணி 18 நிமிடம். 50 நிமிடம் நிஜமான மிச்சம். ஆனால் 90-க்கும் 100-க்கும் நடுவில் 22 நிமிடம்தான். வழியில் ஒரு முறை இறங்கி டீ குடித்து, குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வந்தால் தீர்ந்துவிடும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இல் இருந்ததைவிட 100-இல் 56 சதவீதம் அதிகம். அந்த விலையை பெட்ரோல் டேங்க் கொடுக்கிறது.

நேரத்தைத் தின்பது எது?

சிக்னலில் ஒரு பச்சையில் எத்தனை வண்டி போகும் என்பது ஹார்னைப் பொறுத்ததே இல்லை, நிறுத்தக்கோட்டில் சாலை எத்தனை மீட்டர் அகலம் என்பதைப் பொறுத்தது. போக்குவரத்துப் பொறியியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும், பச்சை எரியும் ஒரு மணி நேரத்துக்கு 525 கார் அளவு. 7 மீட்டர் அகலம் என்றால் 3,675. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கார். 40 விநாடி பச்சையில் 40 கார் அளவு கடக்கும். நீங்கள் வரிசையில் அதற்கும் பின்னால் இருந்தால் எத்தனை முறை ஹார்னை அழுத்தினாலும் அடுத்த பச்சைதான்.

முன்னால் நிற்பவர் நகர்ந்து ஒரு விநாடி கழித்துத்தான் பின்னால் நிற்பவர் நகர முடியும். பத்தாவது வண்டிக்கு பச்சை என்பது பத்துப் பன்னிரண்டு விநாடி தாமதமாகவே வரும். பச்சை விழுந்த அதே கணத்தில் பத்தாவது வண்டியிலிருந்து வரும் ஹார்ன் யாரை நகர்த்தப் போகிறது? மும்பைக் காவல்துறை இதை வைத்து ஒரு வேடிக்கை செய்தது. ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிகப்பு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்படி சில சிக்னல்களில் கருவி பொருத்திப் பார்த்து, 2020 ஜனவரியில் அதைக் காணொளியாக வெளியிட்டது.

இப்போது அதே சிக்னலில், நிறுத்தக்கோட்டுக்குச் சற்று முன்னால், பஜ்ஜிக் கடை ஓரம் ஒரு கார் ‘ரெண்டே நிமிஷம்’ என்று நிற்கிறது என்று வையுங்கள். அது இரண்டரை மீட்டர் அகலத்தைத் தின்கிறது. அதே கணக்கில் போட்டால் ஒவ்வொரு 40 விநாடிப் பச்சையிலும் பதினான்கு கார் குறைகிறது. இரண்டு பச்சை போனால் இருபத்தெட்டு. ஆட்கள் ஏற நடுச்சாலையில் நிற்கும் ஷேர் ஆட்டோவும், நிறுத்தத்தை விட்டுத் தள்ளி நிற்கும் பேருந்தும், ஃப்ரீ லெஃப்டை அடைத்துக்கொண்டு நேராகப் போகக் காத்திருக்கும் வண்டியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உங்கள் காலைப்பொழுதைத் திருடுவது மெதுவாக ஓட்டுபவர் இல்லை, தப்பான இடத்தில் நிற்பவர். கோபம் என்னவோ மெதுவாக ஓட்டுபவர் மேல்தான் பாய்கிறது, அவர்தான் கண்ணெதிரே இருக்கிறார்.

ரயில்வே கேட்டைப் பாருங்கள், அவசரத்தின் கணக்கு அங்கே படம் போட்ட மாதிரி தெரியும். கேட் மூடியிருக்கிறது. சாலை 7 மீட்டர். போக மூன்றரை, வர மூன்றரை. முதலில் வருபவர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கிறார்கள். பிறகு ஒரு பைக் வலப்பக்கம் ஏறி முன்னால் போகிறது. அதன் பின்னால் ஓர் ஆட்டோ, அதன் பின்னால் ஒரு கார். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கேட் திறக்கும்போது இரு பக்கமும் முழு அகலமும் அடைந்து நேருக்கு நேர் நிற்கிறது. போக வர ஒரு மீட்டர்கூட மிச்சமில்லை. ஒழுங்காக நின்றிருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் காலியாகியிருக்கும் கூட்டம் கால் மணி நேரம் முட்டிக்கொள்கிறது. தண்டவாளத்தின் மேலேயே வண்டிகள் சிக்கியிருக்கும்போது அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிடும். சிக்னலோடு இணைத்த கேட்டுகளில், கேட்டைப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை கொடுக்க முடியும். ஆக, வலப்பக்கம் முதலில் ஏறிய அந்த ஒரு பைக், ரயிலில் வருபவர்களையும் சேர்த்து நிறுத்திவைக்கிறது. வலப்பக்கம் ஏறியவர்களுக்காவது லாபம் உண்டா என்றால், முட்டலின் உச்சியில் அகப்பட்டு நிற்பவர்கள் அவர்களேதான்.

காரணமே இல்லாமல் நெரிசல் வருவதும் உண்டு. 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் 30 கி.மீ. வேகத்தில் சீராகச் சுற்றுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் இல்லை, பள்ளமும் இல்லை. சிறிது நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாக பிரேக் பிடித்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக. கடைசியில் சிலர் முழுதாகவே நின்றுவிட்டார்கள். அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. நெடுஞ்சாலையில் திடீரென எல்லாரும் நின்று, ஐந்து நிமிடம் கழித்து நகர்ந்து, ‘இங்கே எதுவுமே இல்லையே, ஏன் நின்றோம்?’ என்று வியக்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான். முன் வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு போவதும், கட் அடித்து நுழைவதும் இந்த அலையைப் பிறப்பிக்கும். இரண்டு விநாடி இடைவெளி அதை விழுங்கும்.

சரி, ஏன் இத்தனை அவசரம்?

‘நம்ம ஆளுங்களுக்குப் பொறுமையே கிடையாது’ என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு முனகிக்கொண்டு கிடக்கிறார், அதுவும் ஏற்பாடுதான். ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதை. அதைப் பேச ஓடுகிறவரே முனகுகிறவரைத் தாண்டி ஓடினார். ஆள் கெட்டவரில்லை, அவர் கையில் நேரம் இல்லை. உங்கள் பின்னால் ஹார்ன் அடிப்பவர் வீட்டில் அருமையான அப்பாவாக இருக்கலாம். 9:30-க்கு விரல் வைக்க வேண்டிய இடத்துக்கு 8:40-க்குக் கிளம்பியிருப்பார், அவ்வளவுதான்.

ஏன் 8:40-க்குக் கிளம்பினார்? நம் வருகைப்பதிவு அப்படி. 9:31-க்கு வந்தவருக்கு அரை நாள் விடுப்பு பிடிக்கும் அலுவலகம், அவரைச் சாலையில் ஒரு நிமிடத்துக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறது. தனியார் டவுன் பஸ்ஸில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பெர்மிட்டில் ஒவ்வொரு நடைக்கும் நேரம் குறித்திருக்கும். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் நடுவே சில நிமிடம்தான். பலருக்கு வசூலைப் பொறுத்து பேட்டா. முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் நிறுத்தத்தில் நிற்கும் உங்கள் பயணிகளை அது அள்ளிக்கொண்டு போய்விடும். பேருந்து நிலையங்களில் ‘டைமிங்’ சண்டை நடப்பது இதற்காகத்தான். அந்த ஓட்டுநருக்குப் பொறுமையைப் பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்? நேர அட்டவணையையும் பேட்டா முறையையும் மாற்றினால்தான் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும். பத்து நிமிட டெலிவரி என்று விளம்பரம் செய்துவிட்டு, ராங் சைடில் வரும் டெலிவரி பையனைத் திட்டுவதும் இதே வகை.

இன்னொன்றும் உண்டு. மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம் எந்தக் காலத்திலும் சுமார் ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். சாலை வேகமானால் மிச்சமாகும் நேரத்தை நாம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. இன்னும் தள்ளிப் போய் மனை வாங்குகிறோம். தாம்பரம் தூரம் என்றிருந்த ஊரில் மறைமலை நகர் பக்கம் என்று ஆனது அப்படித்தான். பிறகு அந்தச் சாலையும் நிறைகிறது. சென்னையைப் பொறுத்தவரை அந்த ஒரு மணி நேரக் கணக்கைப் பலர் எப்போதோ தாண்டிவிட்டார்கள், அதுதான் எரிச்சலின் அடிவேர் என்பது என் எண்ணம்.

நிற்க எத்தனை மீட்டர், முந்த எத்தனை மீட்டர்

இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். காய்ந்த சாலை, நல்ல டயர், ஒரு விநாடியில் கால் பிரேக்குக்குப் போகிறது என்று வைத்தால், 60-இல் வரும் கார் நிற்க 36, 37 மீட்டர் வேண்டும். 80-இல் 57. 100-இல் 83. மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். இதைவிட முக்கியமானது ஒன்று: 60-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே புள்ளியை, 80-இல் வந்த கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் 60-க்குச் சற்று மேலேயே இருக்கும். 20 கி.மீ. கூடுதல் வேகம் என்றால் 20 கி.மீ. வேகத்தில் இடிக்கும் என்று நினைப்போம், இடிப்பது 60-இல். சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்து சுமார் 4 சதவீதம் ஏறுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்வது இந்த இயற்பியலைத்தான். இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; அதில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. (சாலை வடிவமைப்பின் குற்றமும் ‘அதிவேகம்’ என்ற கட்டத்துக்குள் போய் விழுவதுண்டு, பேனா பிடிப்பவருக்கு அது எளிது. அப்படிக் கழித்தாலும் எண் சின்னதாகாது.)

முந்துவதற்கு வருவோம். நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலையில் 60-இல் போகும் லாரியை 80-இல் முந்துகிறீர்கள். வித்தியாசம் 20 கி.மீ., அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். லாரியின் நீளம், பின்னால் விட்ட இடம், முன்னால் விட வேண்டிய இடம், உங்கள் கார் எல்லாம் சேர்த்து 55 மீட்டர். பத்து விநாடி வலப்பக்கத்தில் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 222 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80-இல் வருபவரும் 222 மீட்டர் வந்திருப்பார். ஆக 444 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். 80 கி.மீ. வேகத்துக்கு, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு குறித்திருக்கும் முந்தும் பார்வைத் தூரம் 470 மீட்டர்; கிட்டத்தட்ட அரை கி.மீ. வளைவு, மேடு, பாலம், ஊர் எல்லை எதிலும் இது கிடைக்காது.

முந்தும்போது நடக்கும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். லாரியின் வாலை ஒட்டிக்கொண்டு போவதால் எதிரே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று விநாடி பின்தங்கினால் சாலை தானாகத் திறக்கும். கியரைக் குறைத்து எஞ்சினைத் தயாராக வைக்காமல் வெளியே எடுத்துவிட்டு, நடுவில் இழுவை இல்லாமல் திணறுவார்கள். முன்னால் ஒருவர் முந்துகிறார் என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது ஆளும் போவார். முதல் ஆள் பார்த்த 470 மீட்டர் இரண்டாவது ஆளுக்கானது இல்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது லாரியின் வலது இண்டிகேட்டர். ‘ஏறி வா’ என்றும் அதைப் போடுவார்கள், ‘வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்றும் அதையே போடுவார்கள். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலையை உங்கள் கண்ணால் பாருங்கள். எதிரே வருபவர் ஹெட்லைட் அடித்தால் நம் ஊரில் அதன் பொருள் ‘நான் வருகிறேன், நீ வராதே’. வழிவிடுவதாக நினைத்துவிடாதீர்கள்.

நான்குவழிச் சாலையில் ஒரு லாரி இன்னொரு லாரியை முந்திக்கொண்டு இரு தடத்தையும் அடைக்கும்போது வரும் ஆத்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்று 60, இன்னொன்று 57. விநாடிக்கு 83 செ.மீ.தான் முன்னேறுகிறது. 50 மீட்டர் முன்னேற ஒரு நிமிடம், ஒரு கி.மீ. தூரம். ஹெட்லைட் அடித்தாலும் அந்த எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வரப்போவதில்லை. ஒரு நிமிடம் பொறுத்தால் முடிந்தது. இடப்பக்கமாக, மண் ஓரத்தில் இறங்கி முந்துபவர்கள் பஞ்சர் போட்டு நிற்கும் லாரியின் பின்னால் போய்ச் சொருகுகிறார்கள்.

நீங்கள் எப்படி ஓட்டுவது

இடைவெளி விட்டால் ஒருவர் நுழைகிறார் என்பதுதான் உங்கள் முக்கியக் குறை. நுழையட்டும். ஒருவர் நுழைந்தால் நீங்கள் இழப்பது இரண்டு விநாடி, அவ்வளவே. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குள் நாற்பது பேர் நுழைந்தாலும் 80 விநாடி. அதைத் தடுக்க முன் வண்டியை ஒட்டிக்கொண்டு போனால், ஒரு முறை உரசினாலே மிச்சம் பிடித்த விநாடியெல்லாம் வட்டியோடு போய்விடும். இரண்டு விநாடியை அளக்க எளிய வழி: முன் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் கம்பத்தைத் தாண்டினால் மிக நெருக்கம். 60-இல் இது 33 மீட்டர், எட்டு கார் நீளம். மழையில் மூன்று வரை எண்ணுங்கள்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குப் பாடம் புகட்ட பிரேக்கைத் தட்டிக் காட்டுவது பலருக்குப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். அவரால் சட்டென நிற்க முடியாது, அதனால் அவருக்கும் சேர்த்து நீங்கள் இடம் வைத்திருக்க வேண்டும். முன்னால் நான்கு விநாடி விடுங்கள், அப்போது மெதுவாகவே வேகம் குறைக்க முடியும். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி அவரை அனுப்பிவிடுங்கள். வலத் தடத்தில் 50-இல் நிதானமாகப் போய்க்கொண்டு ‘நான் சட்டப்படிதான் போகிறேன்’ என்பதும் ஒரு வகை அடாவடிதான்.

பச்சைக்கு முன்பே வரும் ஹார்னுக்கு எதுவும் செய்ய வேண்டாம். பச்சை விழுந்ததும் வலமும் இடமும் ஒரு முறை பார்த்துவிட்டு நகருங்கள். எண்ணிக்கை காட்டும் சிக்னலில் குறுக்குச் சாலைக்காரர் கடைசி 2 விநாடியைப் பிடிக்க வேகம் கூட்டுவார், உங்கள் பக்கத்துக்காரர் கடைசி 3 விநாடியில் முந்திக் கிளம்புவார். இருவரும் சந்திக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டாம். சந்திப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்டி நிற்க இடம் தெரியாதவரை பச்சையே என்றாலும் உள்ளே போகாதீர்கள். போனால் சிகப்பு விழும்போது நடுவில் நின்று குறுக்குப் போக்குவரத்தை அடைப்பீர்கள், அவர்கள் அடுத்த முறை உங்களை அடைப்பார்கள்.

பைக்கில் போகும் நாளில் ஒரே ஒரு விதி: லாரி, பேருந்து, கன்டெய்னரின் இடப்பக்க இடுக்கில் முன்னேறி நிற்காதீர்கள். நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டும். முன்சக்கரம் உங்களைத் தாண்டிவிட்டதே என்று இருக்கும்போதுதான் பின்சக்கரம் ஏறும். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை.

யாராவது வழிமறித்துச் சண்டைக்கு வந்தால் இறங்க வேண்டாம். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, முகத்தைப் பார்க்காமல், கூட்டம் உள்ள இடம் வரை ஓட்டிப் போங்கள். விடாமல் தொடர்ந்தால் 112. சட்டத்தைப் பற்றிக் கேட்டால்: தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதங்களின்படி தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. சென்னைக்குள் 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பு காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30.

இத்தனைக்கும் மேல், உண்மையான மிச்சம் சாவியைத் திருப்பும் முன்னால்தான் இருக்கிறது. பத்து வேலை நாள் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், இரண்டாவது மோசமான நாளைப் பாருங்கள். எட்டு நாள் 70 நிமிடம், ஒரு நாள் 85, ஒரு நாள் 110 என்றால் உங்கள் பயண நேரம் 85. சராசரியை நம்பிக் கிளம்புகிறவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சாலையில் மிருகமாகிறார். கிளம்பும் நேரத்தை 20 நிமிடம் முன்னும் பின்னும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்; நெரிசலின் உச்சி குறுகலானது, அதற்கு முன் நழுவினால் சராசரி 22-ஐ 28 ஆக்கலாம். 28 கி.மீ.யில் அது 15 நிமிடம். எந்த ஆக்ஸிலேட்டரும் அந்த வழியில் அதைத் தராது.

வீட்டிலிருந்து ‘எங்க வர்றீங்க?’ என்று போன் வரும்போது குரோம்பேட்டையில் நின்றுகொண்டு ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சொன்ன அந்தக் கணத்திலிருந்து அந்த ஐந்து நிமிடம்தான் வண்டியை ஓட்டும். மணியைச் சொல்லுங்கள், அதிலும் கால் மணி கூட்டியே: ‘எட்டே கால் ஆகும், நீங்க சாப்பிடுங்க.’